அய்யலூர் மெஷினின் இருட்டு

மூடியைக் கழற்றியதும் கடை முழுக்க ஆட்டு வாடை. அய்யலூர்ச் சந்தைக்கு நாம் செய்து கொடுத்த முதல் எடை மெஷின் இன்று சரிபார்க்க வந்திருக்கிறது. நீங்கள் பற்றவைத்த இடம் ஒன்றுகூடப் பிரியவில்லை.

திண்டுக்கல்லுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. நீங்கள் பற்றவைக்க, நான் புரோகிராம் எழுத, லினக்ஸ் போர்டில் மெஷின் செய்து விற்பது என்று, பார்த்த வேலையை இருவருமே விட்டுவிட்டோம். முதல் சந்தை நாளில் ஆட்டை ஏற்றினார்கள், எடை வந்தது. ரசீது அச்சாகத் தொடங்கியதும் திரை இருண்டுபோனது, திரும்ப வரவேயில்லை.

"என்னப்பா, செத்துப்போச்சா?" என்றார் சந்தைக் குத்தகைக்காரர். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று நான் கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். நீங்களோ ஆட்டின் காதைத் தடவிக்கொண்டு, "சாகலண்ணே, செத்த நேரத்துல வந்துரும்" என்றீர்கள். என்ன கோளாறு என்றே தெரியாமல் சொன்ன மனிதர் நீங்கள்.

மடிக்கணினியோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தேடினேன். திரையின் விளக்குக்கும் பிரிண்டருக்கும் சிப்பில் ஒரே இணைப்புக் கால்தான். மெஷின் தொடங்கும்போது அதைத் திரைக்குக் கொடுத்திருந்தேன். பிரிண்டர் வந்து பிடுங்கிக்கொண்டது, திருப்பித் தரவில்லை. வேறு கால் காலியில்லை. அச்சடித்ததும் திரையிடமே கொடுத்துவிடும்படி மாற்றி எழுதினேன். அதன்பின் ரசீது வரும்வரை இருட்டு, வந்ததும் வெளிச்சம். ஒவ்வொரு இருட்டுக்கும் நீங்கள், யாரும் கேட்காமலேயே, "வந்துரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

வீட்டிலும் அதே பேச்சுதான். கரண்ட் போனால், "வந்துரும் புள்ள." பிள்ளை தங்காத வருடங்களிலும் அதையே சொன்னீர்கள். எரிச்சலாக இருக்கும். ஆனால் அதைக் கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது.

"அக்கா, இந்த இருட்டு இல்லாத மாதிரி புது போர்டா போட்டுருங்க" என்றார் இன்று குத்தகைக்காரரின் மகன். போட்டுக் கொடுத்தேன். புது போர்டில் கால்களுக்குப் பஞ்சமில்லை. பழையதை என்னோடு வைத்துக்கொண்டேன்.

அவர் போனபின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழைய போர்டில் கடையில் கிடந்த திரையையும் பிரிண்டரையும் மாட்டி, ஒரு வெற்று ரசீது அடித்தேன். திரை இருண்டது. நீங்கள் சொல்வதற்காகக் காத்திருந்தேன். அதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது.

மறுபடி அழுத்தினேன். இந்தமுறை இருட்டில் நானே சொன்னேன், "வந்துரும்." வந்தது. திரை மட்டும்.