யாரும் விழாத ஹால்

பிப்ரவரி 9

என் அன்பு மருமகளுக்கு,

நலம். நீயும் என் மகனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவன் வாயைத் திறந்து எதையும் சொல்லமாட்டான், நீதான் எழுத வேண்டும். போனில் பேசினால் நீ கத்துவதும் நான் "என்ன, என்ன?" என்பதும்தான் மிச்சம். காது மந்தமான பிறகு எனக்குக் கடிதம்தான் சௌகரியம்.

உன் ஆராய்ச்சி எங்கள் குடியிருப்பில் அமர்க்களமாக நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள் காலையில் ஹாலைத் திறந்து, டேபிள் டென்னிஸ் மேசையை மடக்கி ஓரம் தள்ளி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைக்கிறேன். நாற்பது வயதுக்காரர்களும் எழுபத்தைந்தைத் தாண்டியவர்களும் ஒரே வரிசையில் நின்று நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். "நாற்பதிலேயே பழகினால்தான் எழுபதில் விழமாட்டார்கள்" என்று நீ சொன்னதை நான் தினமும் ஒருமுறை சத்தமாகச் சொல்கிறேன். சொந்தக்காரர் என்பதால் என்னை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாய். போகட்டும். விசிலும் சாவியும் என்னிடம்தானே இருக்கின்றன!

மூன்றாம் மாடிப் பாட்டு டீச்சர் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நான் "ஒன்று, இரண்டு" என்றால், "மாஸ்டர், தாளம் தப்புது" என்கிறார். ஆயுள் முழுக்க ட்ரில் மாஸ்டராக இருந்தவனுக்கு வந்த சோதனை.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். ஹால் கதவு இடித்து முழங்கையில் நல்ல அடி. இரண்டு உள்ளங்கையிலும் சிராய்ப்பு, பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை.

அன்புடன்,
உன் மாமாவும்
குடியிருப்போர் சங்கச் செயலாளருமான
ட்ரில் மாஸ்டர்

பிப்ரவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். டீச்சர் தாளம் தப்புது என்ற இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் காப்பி சட்டையில் கொட்டிவிட்டது. நலமாகத்தான் இருக்கிறார்.

அந்தக் கதவு பொல்லாத கதவாக இருக்கிறதே! மருந்து போடுங்கள்.

ஒரு விஷயம், மாமா. மார்ச்சிலிருந்து மாதம் ஒருமுறை எங்கள் நர்ஸ் வந்து ஒவ்வொருவரிடமும், "இந்த மாதம் எங்கேயாவது விழுந்தீர்களா?" என்று கேட்பாள். ஹாலில்தான் என்றில்லை, வீட்டில், தெருவில், எங்கே விழுந்தாலும் கணக்கு. அடிபடாவிட்டாலும் கணக்கு. ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். அதனால் முதல்முறை விழுந்தது தெரிந்த உடனே அவர்களுடைய மாத்திரை, கண், செருப்பு எல்லாவற்றையும் பார்த்துச் சரிசெய்வோம். விழாமல் இருந்ததற்குப் பரிசு கிடையாது, விழுந்ததற்குத் தண்டனையும் கிடையாது. இதை உங்கள் விசில் குரலில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

இந்த ஆராய்ச்சிக்காக எத்தனை வருஷம் அலைந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். "உடற்பயிற்சியெல்லாம் ஒரு வைத்தியமா?" என்று கேட்டவர்கள் இன்னும் இங்கே ஆய்வுக் குழுவின் பெரிய நாற்காலிகளில் இருக்கிறார்கள். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

அன்புள்ள,
மருமகள்

ஏப்ரல் 14

அன்பு மருமகளுக்கு,

பயமா? உனக்கா? நான் இருக்கும்போது என்ன பயம்?

போன மாதமும் சரி, இந்த மாதமும் சரி, எங்கள் ஹாலில் பெயர் கொடுத்தவர்களில் ஒருவர்கூட விழவில்லை. நர்ஸ் கேட்டுக்கொண்டே போகிறாள், "இல்லம்மா", "இல்லவே இல்லம்மா" என்று எல்லோரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி பதில் சொல்கிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்காலியில் இருக்கும் உன் பெரிய மனிதர்களிடம் போய்ச் சொல்.

டீச்சருக்கு மட்டும் போன மாதம் நெற்றியில் நீலமாக ஒரு வீக்கம். அலமாரிக் கதவு இடித்ததாம். எங்கள் கட்டடத்துக் கதவுகளுக்கு என்னவோ ஆகிவிட்டது.

இரண்டாம் மாடி பல் டாக்டர் உன்னை விசாரித்தார். "நம்ம பொண்ணு ஜெயிக்கணும் மாஸ்டர்" என்றார். எல்லோருக்கும் உன்மேல் அவ்வளவு பிரியம்.

உன் மாமா,
ட்ரில் மாஸ்டர்

ஜூன் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று ஆய்வுக் குழுவின் முன்னால் முதல் மூன்று மாத முடிவுகளை வைத்தேன். இந்த ஆராய்ச்சி நடக்கிற மற்ற ஹால்களில் விழுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். உங்கள் ஹாலில் ஒருவர்கூட விழவில்லை! கைதட்டினார்கள், மாமா. நாற்காலிக்காரர்களும் தட்டினார்கள்.

எங்கள் புள்ளியியல்காரர் ஒருவர் இருக்கிறார், எல்லோரும் கணக்குப்புலி என்போம். அவர் மட்டும் கைதட்டவில்லை. "எழுபது வயசுக்காரங்க இத்தனை பேர் இருக்கிற இடத்துல மூணு மாசமா யாருமே விழலையா? எனக்கு நம்பிக்கை வரல, மேடம்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "அங்க என் மாமனார் இருக்கார். அவர் இருக்கிற இடத்துல ஒழுங்கு இருக்கும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பாவம், அவர் முகம் சிறுத்துப்போனது.

இன்னும் பல ஹால்களில் இதே பயிற்சியை, உங்கள் ஹால் நடக்கிற முறையிலேயே தொடங்கப் போகிறோம். இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் மகன் இரண்டு பேரிடம் போன் போட்டுப் பெருமையடித்துவிட்டார்.

மிகுந்த சந்தோஷத்துடன்,
உங்கள் மருமகள்

ஜூன் 21

அம்மா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பாட்டு டீச்சர் போன வாரம் வாசலில் பால் எடுக்கக் குனிந்து நிமிர்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார். ரத்த அழுத்த மாத்திரையின் அளவு அவருக்கு அதிகமாம், எழுந்து நின்றால் தலை சுற்றுமாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் கேட்டார்: "இவங்க முன்னாடியே ஒரு தடவை விழுந்திருக்காங்களே. அப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருந்தா மாத்திரையைக் குறைச்சிருக்கலாமே, ஏன் சொல்லல?"

சொல்ல வேண்டாம் என்று சொன்னவன் நான்தான்.

மார்ச் மாதம் நர்ஸ் வருவதற்கு முன்தினம் எல்லோரையும் ஹாலில் கூட்டினேன். "நம்ம வீட்டுப் பொண்ணு பரீட்சை எழுதுது. நாம போய் அதோட மார்க்கைக் குறைக்கலாமா? சும்மா தடுக்கி விழுந்ததெல்லாம் ஒரு விழுதலா?" என்றேன். எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். உனக்கு நல்லது செய்வதாகத்தான் அவர்களும் நினைத்தார்கள். டீச்சர் மட்டும், "நான் பாத்ரூம்ல விழுந்தேனே மாஸ்டர், தலை சுத்துச்சு. அதைக்கூடவா?" என்று கேட்டார். "அது உங்க பாத்ரூம் டீச்சர், நம்ம ஹால் இல்லையே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அலமாரிக் கதவு என்று உனக்கு எழுதினேனே, அது அதுதான்.

நீ தெளிவாக எழுதியிருந்தாய். எங்கே விழுந்தாலும் கணக்கு என்று எழுதியிருந்தாய். படித்தேன், மடித்து உள்ளே வைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. விழுவது என்றாலே எனக்கு அது தோல்வி, அம்மா. கீழே விழுந்த பையனை "அழாதே, எழுந்து ஓடு" என்று சொல்லியே என் காலம் போய்விட்டது. விழுந்ததைச் சொன்னால் நீ தோற்றுப்போவாய் என்று நினைத்துவிட்டேன்.

நேற்று டீச்சரைப் பார்க்கப் போனேன். பக்கத்தில் நாற்காலி இருந்தது. "உக்காராதீங்க மாஸ்டர். மருமகளுக்கு எழுதிட்டு வந்து உக்காருங்க" என்றார். நின்றுவிட்டு வந்துவிட்டேன். என்னைப் பார்க்க எனக்கே கூசுகிறது.

மாமா

ஜூலை 3

செயலாளர் அவர்களுக்கு,
குடியிருப்போர் சங்கம்.

வணக்கம். தங்கள் ஹாலில் இதுவரை சேகரித்த தகவல்கள் அனைத்தும் ஆய்விலிருந்து நீக்கப்படுகின்றன. புதிய ஹால்களில் தொடங்கவிருந்த பயிற்சி நிறுத்தி வைக்கப்படுகிறது. பங்கேற்பாளர்கள் ஒவ்வொருவரையும் எங்கள் மருத்துவர் தனித்தனியே பரிசோதிப்பார். ஹாலின் சாவியை நர்ஸிடம் ஒப்படைத்துவிடுங்கள். பரிசோதனை நாட்களில் தாங்கள் ஹாலுக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வுப் பொறுப்பாளர்

ஜூலை 6

அம்மா,

சாவியைக் கொடுத்துவிட்டேன். விசிலையும் சேர்த்துக் கொடுத்தேன், அவள் எதற்கு என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டாள்.

என்னைத் திட்டி நாலு வரி எழுதியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். செயலாளர் அவர்களுக்கு என்று எழுதிவிட்டாயே. தப்பு சொல்லவில்லை. அந்தச் செயலாளருக்கு வர வேண்டிய கடிதம்தான் அது. மாமாவுக்கு எழுத உனக்கு இன்னும் மனம் வரவில்லை என்று தெரிகிறது. காத்திருக்கிறேன்.

மாமா

ஆகஸ்ட் 11

மாமாவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்தது உங்கள்மேல் இருந்த கோபத்தால் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் மகனும் அப்படித்தான் நினைக்கிறார். "அப்பாதானே, விட்டுடேன்" என்று தினமும் சொல்கிறார். நானும் அவரை அப்படியே நினைக்கவிட்டேன்.

ஆய்வுக் குழுவின் முன்னால் எழுந்து நின்று, "நான் ஏமாற்றப்பட்டேன்" என்றேன். எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். கணக்குப்புலி குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம், தண்ணி குடிங்க" என்றார். எனக்குச் சேராத பரிதாபத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எனக்குத் தெரியும், மாமா. பிப்ரவரியிலேயே தெரியும்.

கதவு இடித்தால் முழங்கையில் அடிபடலாம். இரண்டு உள்ளங்கையும் சேர்ந்து சிராய்க்காது. விழுகிறவர்தான் இரண்டு கையையும் தரையில் ஊன்றுவார். இதை முதல் வருஷ மாணவர்களுக்கு நான்தான் பாடம் நடத்துகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே நீங்கள் விழுந்திருக்கிறீர்கள் என்று புரிந்தது. பொல்லாத கதவு என்று வேடிக்கையாக எழுதிவிட்டு விட்டுவிட்டேன். கேட்டிருந்தால் உங்களுக்கு வெட்கமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு உங்கள் ஹாலில் யாருமே விழவில்லை என்று வந்தது. விசில் வைத்திருப்பவரே விழுந்ததை மறைக்கிற இடத்தில் மற்றவர்கள் மட்டும் எப்படிச் சொல்வார்கள்? டீச்சரின் நெற்றியைக்கூட நீங்களே எழுதியிருந்தீர்கள். ஒரு வரி போதும், "நிஜமா மாமா?" என்று. அந்த ஒரு வரியை நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பூஜ்யம் போய்விடும். எனக்கு அது வேண்டியிருந்தது. உங்களுடையதாவது தெரியாமல் செய்த பிழை. என்ன ஆகும் என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். டீச்சரின் இடுப்பு முறிந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது.

நாளைக்குக் குழுவிடம் இதைச் சொல்லப் போகிறேன். ஆராய்ச்சியை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்வார்கள். கொடுக்கட்டும். அவர்களிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. உங்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு இத்தனை நாள் சாப்பிட்டேன், தூங்கினேன். நினைத்தால் அவமானமாக இருக்கிறது.

மருமகள்

ஆகஸ்ட் 27

என் அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்க்கப் போனேன். வீட்டுக்கு வந்துவிட்டார், வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் போகிறார். படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். அப்புறம், "ரெண்டு பேரும் என்னை வெச்சு நல்லா விளையாடியிருக்கீங்க" என்றார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். "உக்காருங்க. கால் வலிக்கப்போகுது" என்றார். மன்னித்துவிட்டார் என்று எழுதமாட்டேன். உட்காரச் சொன்னார், அவ்வளவுதான்.

இன்று நர்ஸ் மறுபடி விசாரிக்கும் நாள். ஹாலுக்கு வர வேண்டாம் என்று நீ எழுதியது எனக்கு மறக்கவில்லை. உள்ளே போகவில்லை, வாசற்படியில் நின்றேன். அவள் ஆரம்பிப்பதற்குள் சத்தமாகச் சொன்னேன்: "நான் விழுந்தேன். பிப்ரவரி மாசம், இந்த ஹால்லதான். ஆள் வர்றதுக்கு முன்னாடி ஒத்தைக் கால்ல நின்னு பார்த்தேன், குப்புற விழுந்தேன். கதவு என்னை ஒண்ணும் பண்ணல."

பாடம் ஒப்பிக்கத் தெரியாத வகுப்பு மாதிரி எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு பல் டாக்டர் மெதுவாகக் கையைத் தூக்கினார், "நானும்தான். மாடிப்படியில. ரெண்டு தடவை." அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக. நாற்பது வயதுக்காரர் ஒருவரும் தூக்கினார். நர்ஸ் கொண்டுவந்த தாள் போதவில்லை.

கடைசியில் என்னிடம் வந்தாள். "உங்க பேரு ஆராய்ச்சியிலேயே இல்லையே மாஸ்டர், எங்க எழுதறது?" என்றாள். எங்காவது ஓர் ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறாள். உன் இடத்துக்கு யார் வந்தாலும் அது அவர்கள் கைக்குப் போகும், கணக்கில் சேராதாம். சேராவிட்டால் என்ன, நீ தெரிந்துகொள்.

வலது முழங்கை, இரண்டு உள்ளங்கை. விழுந்தேன், அம்மா. வலித்தது. அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

குழுவிடம் சொன்ன பிறகு உன் நிலைமை என்ன என்று நீ எழுதவே இல்லை. அதையும் எழுது. நல்ல செய்தி மட்டும்தான் மாமாவுக்கு எழுத வேண்டும் என்று இல்லை.

மாமா