பழைய அமைப்புகளை எடுத்துக்கொள்ளவா?

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். நானும் மகளும் நலம். அவளுக்கு இருமல் விட்டுவிட்டது. கணக்குப் பாடத்தோடு மட்டும் இன்னும் மல்லுக்கு நிற்கிறாள். குளியலறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு நானே வாஷர் மாற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில், "என்ன, குரலே சரியில்லையே" என்று கேட்டீர்கள். தலைவலி என்றேன். தலைவலி இல்லை. போனில் பேசினால் உங்கள் குரலைக் கேட்டே பாதி நம்பிவிடுவேன். அதனால்தான் கடிதம். நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படியுங்கள்.

நம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு வாரமாக யாரும் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மேட்டுத்தெரு பள்ளிக்கூடத்துக் குழாய்த் தண்ணீரில் ஈயம் எட்டு என்று நம் அறிக்கை போயிருக்கிறது. பத்து வரை பயமில்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்தத் தண்ணீரைச் சோதித்த நம் சோடாபுட்டி சாரின் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் படிக்கிறார்கள். பள்ளி நோட்டீஸ் போர்டில் அதைப் பார்த்தவர் நேரே இயக்குநர் அறைக்குள் போய், "என் கையால சோதிச்சது சார், முப்பத்தெட்டு!" என்று சத்தம் போட்டார். தன் நோட்டைத் திறந்தும் காட்டினார். இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எட்டுக்கு முன்னாடி அந்த மூணை நீங்க அப்புறமா சேர்க்கலேன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து சோடாபுட்டி சார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். மறுபடி எடுத்த தண்ணீர் வெளியூர்ப் பரிசோதனைக்குப் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.

நோட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறவள் நான்தானே. ஒரு நாளைக்கு நாற்பது எண் ஏற்றுகிறேன். எதை ஞாபகம் வைப்பது? நம் திரையில் கடைசியாக இருக்கிற எண் மட்டும்தான் தெரியும். முன்னால் என்ன இருந்தது, யார் மாற்றினார்கள் என்று பார்க்க டேட்டாபேஸுக்குள்ளேயே போக வேண்டுமாம். இயக்குநர் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். என்றும் இல்லாத திருநாளாகச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புதுக் கணினிக்காரர் டேட்டாபேஸைத் திறக்கிற மென்பொருளை ஒரு ஜிப் ஃபைலாகக் கொடுத்து, "நீங்களே போட்டுக்குங்க மேடம், எனக்குத் தலைக்கு மேல வேலை" என்று நழுவினார். தன் கை படக் கூடாது என்று நினைக்கிறாரோ என்று அவர் மேலும் சந்தேகம். அந்த வாரம் டீ கொண்டுவருகிறவரைக்கூட நான் சந்தேகப்பட்டேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை உட்கார்ந்தேன். ஃபைலைப் பிரித்துத் திறந்தால், தான் ஓடுவதற்கு வேண்டிய ஜாவா எங்கே இருக்கிறது, இடத்தைக் காட்டு என்றது. காட்டினேன். அது பழைய ஜாவா, ஆகாது என்றது. புது ஜாவாவை இறக்கிப் போட்டு மறுபடி காட்டினேன். ஒரு ஃபோல்டர் தள்ளிக் காட்டிவிட்டேன் போல, திரும்பவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாவது தடவைதான் திறந்தது. அப்பாடா என்று சாய்ந்தேன். உடனே ஒரு சின்னக் கட்டம் வந்து கேட்டது: இந்தக் கணினியில் இதே மென்பொருளை முன்பு நிறுவியபோது செய்த அமைப்புகள் இருக்கின்றன, அவற்றை எடுத்துக்கொள்ளவா?

என் கணினியில் யார் எப்போது இதை நிறுவினார்கள்? வழக்கமாக இப்படி எது கேட்டாலும் வேண்டாம் என்றுதான் அழுத்துவேன். அன்று சரி என்று அழுத்தினேன்.

இடது பக்கம் ஏற்கெனவே ஓர் இணைப்பு தயாராக இருந்தது. அதற்கு வைத்திருந்த பெயர் 'சிடுமூஞ்சி'.

பதினோரு வருடத்தில் உங்களைத் தவிர என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மென்பொருளை அழித்தாலும், அதில் கொடுத்த கட்டளைகள் வேறொரு ஃபோல்டரில் தங்கிவிடுமாம். திறந்து பார்த்தேன். ஒரே ஒரு வரிதான். பள்ளியின் மாதிரி எண், முப்பத்தெட்டை எட்டாக்கு. பதினான்காம் தேதி, பன்னிரண்டு நாற்பது. டேட்டாபேஸ் பதிவிலும் அதே நேரம். மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர். எனக்கு அந்த பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்ததே நீங்கள்தான்.

பதினான்காம் தேதி நீங்கள் பணிவிடுவிப்பு உத்தரவு வாங்க வந்தீர்கள். உங்களை அலைய விடக் கூடாது என்று நான்தான் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாகக் கையெழுத்துக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது என் நாற்காலியில் இருந்தீர்கள். "உன் சிஸ்டம் ஆமை மாதிரி போகுது, கொஞ்சம் தட்டிவிட்டேன்" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். உங்கள் புதுக் கம்பெனி அனுப்பிய வேலை நியமன உத்தரவு மேஜை மேல் இருந்தது. நேற்று மேட்டுத்தெரு பள்ளிக்கூடத்துக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பள்ளிக்குக் குழாய் பதித்ததும் அதே கம்பெனிதான்.

யாரும் உங்களை மிரட்டினார்களா? இல்லை, நிஜமாகவே தப்பான எண் என்று நினைத்துத் திருத்தினீர்களா? உங்களுக்காக நானே ஏழெட்டுக் காரணம் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட நிற்கவில்லை. நம் மகள் படிப்பது வேறு பள்ளி என்று அப்போது ஒரு நிமிஷமாவது உங்களுக்குத் தோன்றியதா? அதை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாளே நான் தலைமையாசிரியையைப் பார்த்து அந்தக் குழாயை மூட வைத்துவிட்டேன். காரணம் கேட்டார்கள். ஈயம் அதிகம், எங்கள் அறிக்கை தப்பு என்றேன். யார் தப்பு என்று சொல்லவில்லை. சோடாபுட்டி சார் வீட்டுக்கும் போனேன். அவர் மனைவி காபி கொடுத்து, "நீங்க ஒருத்தராவது இவரை நம்புறீங்களே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். டம்ளரை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு சோடாபுட்டி சார் மீது விசாரணை. இரண்டு பக்கம் அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். அன்று அது இயக்குநர் மேஜைக்குப் போய்விடும், அதில் மாற்றமில்லை. யார் கையால் போகிறது என்பதை மட்டும் உங்களிடம் விட்டிருக்கிறேன். இந்தக் கடிதம் திங்களன்று கிடைத்துவிடும். போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். வண்டி ஏறி வாருங்கள்.

உங்கள் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நடந்து வாருங்கள். அந்த மாடிப்படியில் என்னைத் தனியாக ஏற விட்டுவிடாதீர்கள்.

எதிர்பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி