உன் படகில் முழங்காலிட்டபோது

என் செல்லத் தம்பி தயாவுக்கு,

அக்காதான் எழுதுகிறேன். உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஒரே வீட்டில் இருந்தவர்கள் எதற்குக் கடிதம் எழுதிக்கொள்ளப் போகிறோம்? ஃப்ரிட்ஜில் ஒட்டிய சீட்டுதான் நம் கடிதம்: குழம்பைச் சூடாக்கு, கேட்டைப் பூட்டு, அம்மாவின் மாத்திரையை மறக்காதே. இன்னும் இரண்டு நாளில் உன் முதல் வருஷ ஆட்டைத் திவசம். ஐயர் சொன்ன சாமான்களை நேற்றே வாங்கி வைத்துவிட்டேன். வேலை எதுவும் மிச்சமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். தெரியவில்லை, தயா. காலையில் ஃபெரி, பட்டர்வொர்த் ஆபீஸ், மாலையில் திரும்பவும் ஃபெரி. நான்கு நாள் காய்ச்சலில் நீ போன அன்றும் நான் அழவில்லை, இன்று வரையும் அழவில்லை. "பெரியவ நல்ல திடமான பிள்ளை" என்று சுங்கை பாக்காப் மாமி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். திடமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட வாய் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது.

உன் படகைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஜெலுத்தோங் பட்டறையில் நீயே ஃபைபர் கிளாஸில் செய்த அந்தச் சிவப்புக் கனூ. மேலே முழுக்க மூடி, நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே கால் நீட்டி உட்காரவும் முடியாது, முழங்காலிட்டுத்தான் ஓட்ட வேண்டும், அதுவும் ஒற்றைத் துடுப்பால். மலையாற்றில் பாறைக்குப் பாறை குதிக்க இதுதான் சரி என்று நீ சொல்லும்போதெல்லாம், மனிதன் உட்கார்ந்து ஓட்டும் படகு எதுவும் கிடைக்கவில்லையா என்று கேலி செய்தவள் நான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று இறந்தவர் புழங்கிய பொருளை ஐயருக்குத் தானம் கொடுப்பார்கள் அல்லவா? குடை, செருப்பு, பாய். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, பட்டியல் என்றால் பட்டியல்தான். நீ அதிகம் புழங்கியது எது என்று யோசித்துப் படகையும் எழுதிவிட்டார். ஐயர் கார் போர்ச்சில் நின்று அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "எனக்கு நீச்சல் தெரியாதுங்க" என்றார். நீ இருந்திருந்தால் உருண்டு உருண்டு சிரித்திருப்பாய்.

அதற்குப் பிறகு அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். "செத்தவன் சாமான் சும்மா கெடக்கக் கூடாது. ஆட்டைத் திவசத்துக்குள்ள வீட்ல யாராச்சும் ஓட்டணும். இல்லன்னா கனூ கிளப்புக்குக் குடுத்துடுவோம்." வீட்டில் யார் இருக்கிறோம்? சர்க்கரை வியாதிக்கார அப்பா, முழங்கால் வலிக்கார அம்மா, முப்பத்தைந்து வயதில் நீந்த மட்டும் தெரிந்த நான். நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆசையாகச் சொல்லவில்லை. வேறொருவன் அதற்குள் நுழைவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஓட்டப் பழக்கிவிட உன் கூட்டாளி ஜமால்தான் வந்தான். ஞாயிறு காலையில் அவன் அப்பாவின் நாசி கண்டார் சோற்றுக் கடையில் கூட்டம் நெரியும். அதை விட்டுவிட்டு, வேனின் மேல் படகைக் கட்டித் தஞ்சோங் பூங்கா கடற்கரைக்குக் கொண்டுபோனான். உன் முழங்கால் பதிந்த ஸ்பொஞ்சில் என் முழங்கால் இரண்டும் லொடலொடவென்று ஆடின. ஜமால் பழைய சிலிப்பரை வெட்டி ஓரத்தில் ஒட்டி இறுக்கிக் கொடுத்தான். பிறகு இடுப்பைச் சுற்றி அந்த ரப்பர் உறை. படகின் வாயை அது மூடிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே போகாது. நீ அதை மாட்டி நிற்கும் போட்டோவைப் பார்த்து "ஆம்பளப் பிள்ளைக்கு என்னடா பாவாடை" என்று அம்மா கேட்டாளே, அதே பாவாடைதான்.

ஏறிய நிமிடமே படகு என்னை உதறப் பார்த்தது. "அக்கா, ஒடம்ப வெறப்பா வெச்சா அது பயப்படும்லா. இடுப்ப லூசா விடுங்க. தண்ணியப் பாக்காதீங்க, அங்க ஜெராய் மலையப் பாருங்க" என்றான். பார்த்தேன். படகு நின்றது. ஆனால் பத்து நிமிடத்தில் இரண்டு பாதங்களும் மரத்துவிட்டன. கீழே எனக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. எப்படியடா மணிக்கணக்கில் இருந்தாய்?

வீட்டில் பழகினால் சரியாகிவிடும் என்றான் ஜமால். ஆபீஸ் விட்டு வந்து, ஹாலில் குட்டி மணையைப் போட்டு, முழங்காலை அகட்டி, பாதத்தைப் பின்னால் மடக்கி அரைமணி நேரம் நிற்க ஆரம்பித்தேன். தலை நிமிர்ந்து, கண் ஜன்னலுக்கு வெளியே. அம்மா மூன்று நாள் பார்த்திருக்கிறாள். நான்காம் நாள் அப்பாவிடம் போய் "பெரியவ வேதத்துக்கு மாறிட்டா" என்று சொல்லிவிட்டாள். கான்வெண்டில் படிக்க வைத்த காலத்திலிருந்து, எங்கே நான் கிறிஸ்தவளாகிவிடுவேனோ என்று அவளுக்கு இருந்த பயம். அப்பா என்னிடம் வந்து, பேப்பரை மடித்துக்கொண்டே, "ஆபீஸ்ல யாராச்சும் உனக்குப் புக்கு கிக்கு குடுத்தாங்களா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவே இல்லை.

மறுநாள் அம்மாவே வந்து எதிரில் நின்றாள். "யாருக்காகப் பிள்ளை முழங்கால்ல நிக்கிற?"

படகை நினைத்துக்கொண்டு, "தயாவுக்காகம்மா" என்றேன்.

அம்மா குனிந்து என் முழங்காலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "அப்படி நின்னா அவனுக்குப் போய்ச் சேருமா?"

இல்லை அம்மா, இது கனூவுக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அம்மா அலமாரியைப் பிடித்துக்கொண்டு, அந்த வலிக்கிற முழங்காலை ஒவ்வொன்றாக மடக்கி, என் பக்கத்தில் தரையில் முழங்காலிட்டாள். கையை என்ன செய்வது என்று தெரியாமல் கோத்தாள், பிரித்தாள், கடைசியில் கும்பிட்டாள். தனக்குத் தெரிந்த தேவாரத்தை முணுமுணுத்தாள். எழுந்திருக்கப் பார்த்தபோது கால் மரத்துப்போய் அப்படியே சாய்ந்துவிட்டாள். அப்பாவும் நானும் தூக்கி உட்கார வைத்தோம். அம்மா அழுதாள், அப்பா அழுதார். நான் அம்மாவின் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை, தயா.

இனிச் சொல்லப் போவது ஜமாலைத் தவிர யாருக்கும் தெரியாது. அம்மா படித்தால் படிக்கட்டும்.

நான்காவது ஞாயிறு, கவிழ்ந்து பழகும் பாடம். ஜமால் நெஞ்சளவு தண்ணீரில் பக்கத்தில் நின்றான். "தலகீழா ஆனதும் முன்னாடி இருக்கற வளையத்த இழுங்க. பாவாடை கழண்டுடும், கால் தானா வந்துடும். மூணு எண்றதுக்குள்ள மேல இருப்பீங்க. பயம் வேணாம்லா."

பயமே இல்லை. அதுதான் தப்பு. கவிழ்ந்தேன். சத்தமெல்லாம் நின்றுவிட்டது. சாப்பிட்டாயா, தூங்கினாயா, தைரியமாக இரு என்று யாரும் சொல்லவில்லை. கால் ஏற்கெனவே மரத்திருந்தது. இப்போது மிச்சமும் என்னுடையதாக இல்லை. நீ செய்த படகு என்னை இரண்டு தொடையிலும் பிடித்துக்கொண்டிருந்தது. கை வளையத்தின் மேல்தான் இருந்தது. இங்கேயே நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். இழுக்கவில்லை.

எவ்வளவு நேரமோ தெரியாது. ஜமால்தான் படகோடு சேர்த்து என்னைப் புரட்டி நிமிர்த்தினான். "என்னக்கா, வளையம் கெடைக்கலையா?"

"கெடைச்சது."

பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு படகின் மேல் ஓங்கி ஓர் அறை அறைந்தான். "அவன ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டாந்தவன் நான். ஒங்களையும் நான்தான் கொண்டாந்து எறக்கணுமா? அம்மா மொகத்த நான் எப்படிப் பாப்பேன்?" கரைக்குப் போய் மணலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். உன் சிநேகிதன் அழுவதை அன்றுதான் பார்த்தேன். உனக்காக அவன் அழ இடமே இருந்திருக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நாற்காலி தூக்குவதிலும் டீ ஊற்றுவதிலுமே அவன் பொழுது போயிருக்கிறது.

இரண்டு ஞாயிறு அவன் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்து, "பத்துத் தடவ கவுக்கறேன். பத்துத் தடவையும் நீங்களா வரணும். ஒண்ணு தப்பினாலும் படகு கிளப்புக்கு" என்றான். பத்துத் தடவையும் இழுத்தேன். மூக்கெல்லாம் உப்பு. அவன் சொன்னதற்காக இழுத்தேனே தவிர, எனக்காக இல்லை.

போன ஞாயிறு கூலிம் பக்கத்து மலையாற்றுக்குப் போனோம். முதல் சரிவை எப்படியோ தாண்டிவிட்டேன். படகு நெளிந்த பக்கம் இடுப்பும் நெளிந்தது, துடுப்பைத் தண்ணீரில் அறைந்து சாய்ந்தேன், நிமிர்ந்தது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நீ ஏன் இதற்குப் பைத்தியமாக அலைந்தாய் என்று விளங்கியது. இரண்டாவது சரிவில் கவிழ்ந்தேன். குளிர்ந்த தண்ணீர், ஹெல்மெட்டில் பாறை இடித்தது. யோசிக்கவே நேரமில்லை. கை என்னைக் கேட்காமல் இழுத்துவிட்டது. மேலே வந்து, இருமி, ஒரு வேரைப் பிடித்துக் கரையேறினேன்.

அங்கே உட்கார்ந்து அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. பசித்தது. இந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாகப் பசித்தது, தயா. என் பொட்டலத்தைத் தின்று முடித்து ஜமாலுடையதையும் தின்றேன். அவனே அதை என் பக்கம் தள்ளி வைத்தான். தின்னத் தின்ன வெட்கமாக இருந்தது. நீ இல்லாமல் ஒருத்திக்கு இப்படியும் பசிக்குமா?

வீட்டுக்கு வந்ததும் அப்பா போர்ச்சில் நின்றிருந்தார். "ஓட்டிட்டியா?"

"ஓட்டிட்டேன்பா. ஒரு தடவ கவுந்தேன்."

"கவுந்து?"

"வெளிய வந்துட்டேன்."

அப்பா படகைத் தடவிப் பார்த்தார். பிறகு தானே ஸ்டூலில் ஏறி அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். கிளப் பேச்சை எடுக்கவில்லை.

திவசம் முடிந்ததும் மறுபடி ஆற்றுக்குப் போவேன். கவிழவும் கவிழ்வேன், இப்போதுதானே பழகுகிறேன். கீழே அந்த அமைதியில் நீ இருப்பதுபோலத் தோன்றும், எனக்குத் தெரியும். ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், தயா: ஒவ்வொரு தடவையும் வளையத்தை இழுத்து மேலே வருவேன். உன்னை அங்கே விட்டுவிட்டு வருவதாக இருந்தாலும் வருவேன்.

உன்னைத் தனியே விட்டுக் கரையேறிய,
உன் அக்கா வசந்தி