நின்ற பஸ் ஓடிய கணக்கு

பிப்ரவரி 4

அன்புள்ள அத்தானுக்கு,

மச்சான் எழுதுவது. இங்கே நலம். நீங்கள் நலமா என்று கேட்கத் தேவையில்லை. நேற்று மேடையில் பார்த்தபோது தேவைக்கு மேலேயே நலமாகத் தெரிந்தீர்கள். போனில் எழுதினால் உங்களுக்கு முன்னால் அக்கா படித்துவிடுகிறாள் என்பதால் ஆபீஸ் மெயிலுக்கு எழுதுகிறேன்.

டிப்போவின் பஸ்களையெல்லாம் ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டை உருவாக்கியதற்காக மேற்கு டிப்போ மேனேஜருக்குக் கேடயம் கொடுத்தார்கள். நானும் மூன்றாவது வரிசையில் உங்கள் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு கைதட்டினேன். தட்டும்போதுதான் ஒரு சின்ன சந்தேகம் வந்தது. எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, காசில்லாமல் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களை ஒன்றோடொன்று கோத்து, டிரைவர்களின் ட்ரிப் ஷீட்டையெல்லாம் டேட்டாபேஸில் ஏற்றி, அதிலிருந்து கணக்கெடுக்கும் எஸ்.க்யூ.எல். எழுதி எழுதி முதுகை உடைத்துக்கொண்டவன் யார்? நான்தான் என்று என் முதுகு சொல்கிறது. அந்நேரம் நீங்கள் எதிர் சோபாவில் குறட்டை விட்டதற்கு அக்கா சாட்சி.

திரையின் அடியில் 'உருவாக்கியவர்' என்று என் பெயர் இருந்தது. நேற்று அங்கே உங்கள் பெயர் இருந்தது. அதைக்கூட விடுங்கள். கீழே இறங்கி வந்ததும் சேர்மன் என்னைக் காட்டி "இவர் யாரு?" என்று கேட்டார். "என் மச்சான் சார். வீட்ல வேலையில்லாம இருக்கான், சும்மா கூட்டிட்டு வந்தேன்" என்றீர்கள். நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன், அத்தான். வீட்டில் வேலையில்லாமல் இருப்பவன் வேறு ஜாதி ஆள்.

அந்த டாஷ்போர்டை நான் ஓப்பன் சோர்ஸாகத்தான் வெளியிட்டேன். அப்படி வெளியிட்ட கருவியை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: செய்தவன் பெயரை அழிக்கக்கூடாது. அந்த ஒரு வரியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். கேடயத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், தூசி தட்ட அக்கா இருக்கிறாள்.

என்றும் அன்புடன்,
மச்சான்


பிப்ரவரி 10

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. குடும்பத்துக்குள் உன் பெயர், என் பெயர் என்று பார்ப்பதா? உன் பெயரைப் போட்டால் 'யார் இவர், எந்தப் பிரிவு, எப்படி உள்ளே வந்தார்' என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஆயிரம் கேள்வி வரும். உனக்கு அந்தத் தொல்லை வேண்டாமென்றுதான் நான் சுமக்கிறேன்.

இன்னொரு சந்தோஷச் செய்தி. இரண்டு வாரமாக வீடியோ பார்த்து நானே எஸ்.க்யூ.எல். கற்றுக்கொண்டேன். இதற்கா எட்டு மாதம் இழுத்தாய் என்று ஆச்சரியமாக இருக்கிறது. மற்ற டிப்போக்களின் கணக்கையும் தலைமை அலுவலகத்தில் வாங்கி ஏற்றி, ரிப்பேர் அட்டவணையை உன் ட்ரிப் அட்டவணையோடு நானே இணைத்தேன். போன மாதம் எல்லா டிப்போக்களையும்விட அதிக ட்ரிப் ஓட்டியது நம் மேற்கு டிப்போதான். அந்தக் கிழக்கு டிப்போ மேனேஜர் மீசைக்காரர், புதுப் பஸ்ஸாக வாங்கி அடுக்கி வைத்திருப்பவர், கடைசியில் கிடக்கிறார். படம் இணைத்திருக்கிறேன். பார்த்து மகிழவும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டு இன்டர்நெட்டைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போ.

அன்புடன்,
அத்தான்


பிப்ரவரி 12

அன்புள்ள அத்தானுக்கு,

படம் பார்த்தேன். பச்சைக் கோடு கூரையை முட்டுகிறது. ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

எனக்கு வயதாகிவிட்டது, புத்தி மந்தம், அதனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் பஸ்களில் பாதியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்கிறார்கள் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? இருபத்து மூன்றாம் நம்பர் வண்டியைப் பார்த்தால் மெக்கானிக்குக்கே அழுகை வருகிறது என்றீர்கள். அந்தப் படை திடீரென்று மீசைக்காரரின் புது வண்டிகளை எப்படி முந்தியது? ரிப்பேர் அட்டவணையை இணைத்த பிறகு ட்ரிப்பை எப்படி எண்ணினீர்கள் என்று ஒரு தடவை பார்த்துக் கொடுக்கிறேன். பத்து நிமிட வேலை. கூலி வேண்டாம். அந்த ஒரு வரியில் என் பெயர், அவ்வளவுதான்.

அன்புடன்,
மச்சான்


பிப்ரவரி 15

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தை உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே அடுத்தவங்க ஜெயிச்சா வயிறு எரியும்" என்றாள். நான் சொல்லவில்லை, உன் கூடப் பிறந்தவள் சொன்னது.

எண்ணுவதற்கு எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம். மார்ச் இரண்டாம் தேதி டைரக்டர்கள் எல்லோர் முன்னாலும் இதை நானே விளக்கப் போகிறேன். கிழக்கு டிப்போவை மூடி, அதன் வண்டிகளை என் கீழே கொண்டுவருவதாகப் பேச்சு. மீசைக்காரருக்கு ஓய்வு, எனக்கு மண்டல மேனேஜர் பதவி. நீயும் வா. பின் வரிசையில் ஓர் இடம் சொல்லி வைக்கிறேன். கோட்டை யாராவது பிடிக்க வேண்டுமே.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 2, காலை

அன்புள்ள அத்தானுக்கு,

இன்று பெரிய நாள். மீட்டிங் முடியும்வரை மெயிலைத் திறப்பதில்லை என்பது உங்கள் கொள்கை. அதனால் இதை எல்லாம் முடிந்த பிறகுதான் படிப்பீர்கள். அதற்காகவே காலையில் அனுப்புகிறேன்.

நீங்கள் சொன்னபடி நான் உங்களுக்கு எதையும் சொல்லித் தரவில்லை. ஊருக்குத்தான் சொல்லித் தந்தேன். நம் கருவிக்கு, மன்னிக்கவும், உங்கள் கருவிக்கு, இன்டர்நெட்டில் பொதுவாக ஓர் உதவிப் பக்கம் இருக்கிறதல்லவா? அதில் முந்தாநாள் 'எண்ணும்போது எல்லோரும் விழுகிற பள்ளம்' என்று ஒரு பாடம் சேர்த்தேன். சுருக்கம் இதுதான்:

'ஒரு பஸ் காலையில் கிளம்பி ஒரு ட்ரிப் போகிறது. வழியில் மூன்று தடவை நின்றுவிடுகிறது. ட்ரிப் அட்டவணையில் அது ஒரு வரி. ரிப்பேர் அட்டவணையில் மூன்று வரி. இரண்டையும் அப்படியே இணைத்தால் அந்த ஒரு ட்ரிப் மூன்று வரியாகிவிடும். வரிகளை எண்ணினால் மூன்று ட்ரிப். ஆகவே எந்த டிப்போவில் பஸ் அதிகம் படுக்கிறதோ அந்த டிப்போதான் அதிகம் ஓடியதாகத் தெரியும். ஒரே ட்ரிப்பை ஒரே தடவை எண்ணச் சொல்லுங்கள், பள்ளம் மூடிவிடும்.'

உதாரணத்துக்கு ஒரு கற்பனை டிப்போ வைத்தேன். அங்கே ஒரு கற்பனை இருபத்து மூன்றாம் நம்பர் பஸ். அந்த உதவிப் பக்கத்தில் எது புதிதாக வந்தாலும் தலைமை அலுவலகத்தின் பகுப்பாய்வுப் பிரிவுக்குத் தானாகத் தகவல் போய்விடும். அங்கே இருப்பவர்கள் படிக்கிற பழக்கம் உள்ளவர்கள்.

கிழக்கு டிப்போ டிரைவர்களின் பிழைப்புக்காகச் செய்தேன் என்று எழுத ஆசைதான். எழுதினால் நானே சிரித்துவிடுவேன். பத்தில் ஒரு பங்கு அவர்களுக்காக. மீதி ஒன்பதும் உங்களுக்காக, அத்தான். ஆற அமர, ரசித்து ரசித்துச் செய்தேன். நடுவில் எழுந்துபோய் ஒரு காபி கூடப் போட்டுக்கொண்டேன்.

வெற்றி பெற வாழ்த்துகள்.

மச்சான்


மார்ச் 4

மச்சானுக்கு,

சந்தோஷமா?

பச்சைக் கோட்டைக் காட்டி இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. பகுப்பாய்வுப் பிரிவின் தலைவி கையைத் தூக்கினாள்.

"சார், உங்க டிப்போல அதிக ட்ரிப் போன பஸ் எது?"

தட்டிப் பார்த்தேன். "இருபத்து மூணு, மேடம்."

"ஜனவரி பன்னெண்டாம் தேதி அது எத்தனை ட்ரிப் போச்சு?"

"ஒன்பது."

மீசைக்காரர் எழுந்தார். "பன்னெண்டாம் தேதி அந்த வண்டி பாலத்து மேல குறுக்கால படுத்துக் கெடந்துதே சார். நான்தான் என் வண்டிய அனுப்பி இழுத்துவிட்டேன். அன்னைக்கு என் ஆளுங்க எல்லாம் லேட்டு."

சேர்மன் என்னைப் பார்த்தார். "படுத்துக்கிட்டே ஒன்பது ட்ரிப் போற பஸ்ஸா? இன்னும் நாலு வாங்கிப் போடுங்கப்பா" என்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தட்டோடு நின்ற கேன்டீன் ஆள்வரை சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் எனக்கு மூளை வேலை செய்தது. கருவியின் மாற்ற வரலாற்றைத் திறக்கச் சொன்னேன். எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று அதுவே காட்டுமாமே. காட்டியது. அந்தத் தப்பு வரிக்குப் பக்கத்தில் உன் பெயர். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் நீ உன் பெயரை வைத்துத்தானே எல்லாம் நிறுவிக் கொடுத்தாய்? நான் அதிலிருந்து எதைச் சேமித்தாலும் உன் பெயரில்தான் ஏறியிருக்கிறது. எனக்கே அப்போதுதான் தெரியும்.

"இது முழுக்க என் மச்சான் எழுதினது சார். முதல் வரிலேர்ந்து கடைசி வரிவரைக்கும் அவன்தான். நான் ஒரு வரி எழுதல" என்றேன். எழுத்தில் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கிழக்கு டிப்போவை மூடும் பேச்சு நின்றுவிட்டது, என் பதவியும் நின்றுவிட்டது. ஆனால் நீ கேட்ட பெயர் உனக்குக் கிடைத்துவிட்டது. எல்லா டைரக்டரின் திரையிலும், சிவப்பு எழுத்தில். தலைவி உன்னைக் கூப்பிடுவாள். பதில் சொல்லிக்கொள்.

அத்தான்


மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

கூப்பிட்டார்கள், போனேன். நீண்ட மேசை, ஒரு புறம் தலைவி, மறுபுறம் நான். கோட்டு இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நடுவில் திரை. தப்பு வரி, பக்கத்தில் என் பெயர். "இந்த வரி நீங்க எழுதினதா?" என்றார்.

'இல்லை' என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். இத்தனை வருடமாக எஸ்.க்யூ.எல். எழுதுகிறவன், கற்றுக்குட்டி விழும் பள்ளத்தில் விழுந்தான் என்று நான்கு பேர் சொல்வதைவிட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம். வரி ஏறிய அன்று நான் ஊரிலேயே இல்லை என்று நிரூபிக்கவும் முடியும். அப்போதுதான் உங்கள் முகம் நினைவுக்கு வந்தது. 'அது என்னுடையது இல்லை' என்று ஒரு வரியை உங்களுக்கு விட்டால் போதும். நாளைக்கே 'நானும் சேர்ந்து எழுதினதுதான்' என்று அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

"ஆமாம் மேடம், நான் எழுதினதுதான்" என்றேன்.

"அப்போ அந்தப் பாடம்?"

"அதுவும் நான்தான்."

"தப்பையும் நீங்களே போட்டு, பாடமும் நீங்களே எழுதுவீங்களா?"

"ஆளில்லை மேடம். ரெண்டு வேலையும் நானே பாக்கணும்."

அவர் சிரித்தார். பிறகு உங்கள் கையெழுத்துள்ள தாளை எடுத்து வைத்து, "டிப்போ மேனேஜரே ஒரு வரிகூட தன்னுடையதில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டார். இதை எல்லா டிப்போவுக்கும் போடணும். யார்கிட்டப் பேசறதுன்னு எங்களுக்குக் குழப்பமே இல்ல" என்றார். உட்கார்ந்த இடத்திலேயே வேலை கொடுத்துவிட்டார்கள். நான் எட்டு மாதம் எழுதியதற்கு நீங்கள் ஒரு நிமிடத்தில் பத்திரம் பதிந்து தந்துவிட்டீர்கள். நானே உட்கார்ந்து எழுதியிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

கற்றுக்குட்டித் தப்புப் போட்டவன் என்ற பெயர் என் மேல் இருந்துவிட்டுப் போகட்டும். விலை கொஞ்சம் கூடத்தான்; பொருள் பிடித்திருக்கிறது.

அக்கா என் போனை எடுப்பதில்லை. எடுக்கச் சொல்லுங்கள்.

மச்சான்


மார்ச் 30

பகுப்பாய்வுக் கருவிப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

ஐயா,

தலைமை அலுவலகத்தின் புதிய உத்தரவுப்படி எல்லா டிப்போக்களும் தினசரி நிலவரத்தைத் தங்கள் கருவி மூலமே பார்க்க வேண்டியுள்ளது. எனவே எனக்கு அதில் நுழைவு அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இது தொடர்பாகவோ வேறு எது தொடர்பாகவோ என் வீட்டாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம் என்றும், அது என் மனைவியின் விருப்பம் என்றும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேனேஜர், மேற்கு டிப்போ


மார்ச் 31

மேற்கு டிப்போ மேனேஜர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். அது அக்காவே சொல்லச் சொன்னதா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நீங்கள் உண்மையைச் சொல்லிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

நுழைவு அனுமதி இன்று காலை முதல் வழங்கப்பட்டுள்ளது. எல்லாப் பக்கங்களையும் பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது.

இப்படிக்கு,
உருவாக்கியவர்