பிளேஸ்டோவில் விண்கலம் போன ஞாயிறு

பிளேஸ்டோ,
லண்டன்.
18.05.1993

அன்பின் அக்காவுக்கு,

தேவதாயின் காவலில் நீங்களும் மகள் இசபெல்லும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் பங்குனிக் கடிதம் சித்திரை முடிவில்தான் கையில் கிடைத்தது. பதில் சுணங்கியதற்குக் கோபிக்காதீர்கள். நான் வேலை செய்யும் பண்டகசாலையில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அவர்களுடைய ஷிப்டும் என் தலையில்தான் விழுந்தது.

விண்வெளியைப் பற்றிப் படிப்பதாகவும், படம் ஏதும் கிடைத்தால் அனுப்பும்படியும் இசபெல் உங்கள் கடிதத்தின் அடியில் நாலு வரி எழுதியிருந்தாள். அவளுடைய அதிர்ஷ்டம், படத்தை நானே எடுத்தேன். ஓய்வு கொடுத்த ஒரு விண்கலத்தைக் கப்பலில் டில்பரித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து லொறியில் ஏற்றி, கண்காட்சி ஒன்றுக்காக நகருக்குள் கொண்டுபோனார்கள். பெரிய றோட்டில் பாலம் பதிவு, அடியால் லொறி போகாது என்றபடியால் எங்கள் தெருக்களால் சுற்றிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஞாயிறு காலை ஏழு மணிக்கே பொலிஸார் றோட்டை மறித்துவிட்டார்கள். கவுன்சில் ஆட்கள் முதல் நாளே விளக்குக் கம்பங்களைக் கழற்றி, மரக்கொப்புகளையும் வெட்டியிருந்தார்கள்.

அக்கா, அது இரண்டு முறை வானத்துக்குப் போய்வந்ததாம். கிட்டப் பார்த்தால் நெருப்பில் விட்டெடுத்த தாச்சிச் சட்டி மாதிரி இருக்கிறது. வயிற்றுப் பக்கம் முழுக்கக் கறுப்பு ஓடுகள். சில ஓடுகள் கழன்று, அந்த இடங்களில் நாடா ஒட்டியிருந்தது. சிறகுகள் வேறொரு லொறியில் வந்தன. மனிதர் நடக்கிற வேகத்தில்தான் போனது. முன்னால் ஒருவர் நீண்ட தடியால் டெலிபோன் வயர்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். வீட்டுச் சட்டைகளோடும் தேத்தண்ணிக் கோப்பைகளோடும் சனம் வாசலில் நின்றது. துணி கழுவும் கடை முடக்கில் லொறி திரும்ப முடியாமல் ஒன்றரை மணித்தியாலம் நின்றுவிட்டது. நான் கடைக்கு மேல்வீட்டுக்காரரிடம் கேட்டு அவர்களுடைய ஜன்னலில் இருந்து எடுத்தேன். ஒரு ரோல் முழுக்க முடிந்தது. நல்ல நாலு படங்களை இதோடு வைத்திருக்கிறேன்.

அத்தான் பஸ் ஏறிப் போய் இந்த ஆவணியோடு மூன்று வருசம். இங்கே புதிதாக வருகிற சனத்திடம் அவருடைய படத்தைக் காட்டி விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு செய்தியும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

என்றும் அன்புள்ள தம்பி,
பெனடிக்ற்


பேசாலை,
மன்னார்.
09.06.1993

என் அன்புத் தம்பி பெனடிக்ற்றுக்கு,

ஆண்டவர் உன்னை நோய்நொடியின்றிக் காப்பாராக. இரண்டு பேருடைய வேலையை ஒருவன் செய்தால் உடம்பு என்னத்துக்காகும்? சொன்னால் நீ கேட்க மாட்டாய். படங்கள் வந்தன. இசபெல் அவற்றைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், சிஸ்டர்மாருக்கெல்லாம் காட்டி, நாலு நாள் கழித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

தம்பி, இனி எழுதுவதை அமைதியாக இருந்து வாசி.

மூன்றாவது படத்தில், லொறியின் பின்சில்லுக்கு அந்தப் பக்கம், கம்பி வேலியில் சாய்ந்தபடி மண்ணிறக் கோட்டோடு ஒருவர் நிற்கிறார். வெயிலுக்கு இடக்கையைப் புருவத்தில் வைத்து மேலே பார்க்கிறார். பாதி முகம்தான் தெரிகிறது. இசபெல்தான் முதலில் கண்டாள். "அம்மா, இது ஆர்?" என்று மட்டும் கேட்டாள். அவர் போகும்போது அவளுக்குப் பத்து வயது. தகப்பனை மறக்கிற வயதா அது?

நான் சிஸ்டரிடம் பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தேன். அந்த நிலை அவருடைய நிலை. இடது தோள் பதிந்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கக் கடையில் சீனி மூட்டை விழுந்ததற்குப் பிறகு அவருக்கு அந்தத் தோள் அப்படித்தான். மூன்று வருசமாகச் சிறைச்சாலை வாசல், முகாம் வாசல் என்று படத்தோடு திரிந்தவள் நான். நான் கண்ட முகங்களில் ஒன்றையாவது அவர் என்று சொன்னேனா? இப்போது சொல்கிறேன்.

ஏன் எழுதவில்லை, எப்படி அங்கே வந்தார் என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். தலையில் அடிபட்டு ஞாபகம் போயிருக்கலாம். நீ அந்த முடக்கில் போய் நின்று விசாரி. கண்டால் கோபமாக ஒன்றும் கேட்காதே. மெற்றில்டா இருக்கிறாள், இசபெல் வளர்ந்துவிட்டாள் என்று மட்டும் சொல்லு.

உன் பதிலுக்கு ஏங்கியிருக்கும்,
அன்பு அக்கா
மெற்றில்டா


பிளேஸ்டோ,
லண்டன்.
27.06.1993

அன்பின் அக்கா,

உங்கள் கடிதம் வந்த அன்றே அந்த முடக்குக்குப் போனேன். மூன்று பின்னேரங்கள் போனேன். படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகத் தட்டினேன். துணி கழுவும் கடைக்காரி அந்தக் கோட்டை அடையாளம் கண்டு, நேர் எதிரே இருக்கிற வீட்டைக் காட்டினாள்.

அவருடைய பெயர் நரசிம்மன். மலேசியாத் தமிழர். லண்டனுக்கு வந்து இருபத்தொரு வருசம். ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிற வேலை. அதில்தான் தோள் பதிந்துபோனதாம். மனைவியும் வளர்ந்த இரண்டு பெண்களும் இருக்கிறார்கள். கதவைத் திறந்து நின்றபோது எனக்கும் ஒரு கணம் அத்தான் என்றே பட்டது, பொய் சொல்லவில்லை. வாயைத் திறந்தார். அத்தான் இல்லை.

உள்ளே கூப்பிட்டு இருத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். "நல்லா கிட்ட வந்து முகத்த எடுங்க தம்பி. அந்தம்மா ஒரு சந்தேகமும் இல்லாம பார்க்கணும்" என்றார். முன்னாலும் பக்கவாட்டிலும் எடுத்தேன். இதோடு வைத்திருக்கிறேன். காதைப் பாருங்கள், மூக்கைப் பாருங்கள். அவர் வேறு மனிதர், அக்கா.

தூரத்தில் நின்ற ஒருவருடைய பாதி முகம் உங்களை இந்தப் பாடு படுத்தும் என்று தெரிந்திருந்தால் அந்தப் படத்தை அனுப்பியிருக்க மாட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். இசபெல்லுக்கும் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,
பெனடிக்ற்


கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
20.07.1993

அன்புள்ள தம்பி,

மேலே முகவரியைப் பார்த்துத் திகைக்காதே. நானும் இசபெல்லும் கொழும்புக்கு வந்து ஐந்து நாள். கோயிலுக்குப் பின்னால் ஒரு லொட்ஜில் நிற்கிறோம். வழியில் ஆமிக்குக் காட்டுகிற பாஸ் எடுக்கப் பங்குச் சுவாமி உதவி செய்தார்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். தம்பி, உன்னை நான் தூக்கி வளர்த்தேன். பொய் சொல்லுகிறபோது நீ கனக்க எழுதுவாய். கட்டில் தள்ளுகிற வேலை, இரண்டு பெண்கள், இருபத்தொரு வருசம். ஒருவரைத் தெருவில் கண்டு இல்லையென்று வந்தவன் இவ்வளவையும் ஏன் எழுதுகிறான்? நீ எடுத்தது வேறு யாரையோ. வேலியில் சாய்ந்து நிற்பவரை எனக்குக் காட்ட நீ விரும்பவில்லை. அல்லது அவர் விரும்பவில்லை.

அவருக்கு அங்கே வேறு குடும்பம் இருந்தாலும் இருக்கட்டும். அதைத்தான் மறைக்கிறாய் என்றால் மறைக்க வேண்டாம். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். இசபெல்லுக்கு ஒரு தரம் முகத்தைக் காட்டிவிட்டுப் போகட்டும். அவள் விண்கலப் படத்தை மடித்துச் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, படுக்கும்போதும் பக்கத்தில்தான் வைத்துக்கொள்கிறாள்.

பேசாலை வீட்டையும் வளவையும் விற்றுவிட்டேன். நீ தடுப்பாய் என்றுதான் முன்னமே எழுதவில்லை. அம்பலவாணன் என்றொரு ஏஜென்ட் ஆவணிக் கடைசியில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் ஆபிரிக்கா, பிறகு அங்கிருந்து லண்டன். வழியில் ஆட்களைக் கொண்டுபோய்ப் பூட்டி வைப்பார்கள், பெண்பிள்ளையோடு போகாதீர்கள் என்று லொட்ஜில் இருக்கிற சனம் சொல்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். நீ விமான நிலையத்துக்கு வந்தால் போதும்.

அன்பு அக்கா
மெற்றில்டா


பிளேஸ்டோ,
லண்டன்.
02.08.1993

அன்பின் அக்கா,

இந்தக் கடிதத்தை இசபெல் பக்கத்தில் இல்லாதபோது வாசியுங்கள். அந்த ஏஜென்டோடு போகாதீர்கள். காரணத்தை எழுதுகிறேன்.

அத்தான் உயிரோடு இல்லை. எனக்கு 1991 தை மாதத்திலிருந்து தெரியும்.

அப்போது நீங்கள் அனுப்பிய அவருடைய படத்தை, ஊரில் இருந்து வந்து இறங்குகிற ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன். லூயிஷாமில் ஒரு வீட்டில் குலசேகரம் என்றொருவரிடம் காட்டினேன். வவுனியாப் பக்கத்து ஆள், ஐம்பது வயதிருக்கும். படத்தை வாங்கிப் பார்த்தவர் அதை மேசையில் குப்புற வைத்தார். "தம்பி, நான் இவரோடைதான் இருந்தனான்" என்றார்.

ஒரே பஸ்ஸில் இருந்துதான் இரண்டு பேரையும் இறக்கியிருக்கிறார்கள். பத்துப் பேர். ஆயுதத்தோடு வந்தவர்கள் ஒரு பழைய நெல்லு ஆலைக்குள் நாலு நாள் பூட்டி வைத்தார்களாம். அத்தான் எல்லோருக்கும் செபம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். குலசேகரம் அண்ணை சைவக்காரர், அவரும் சேர்ந்து சொன்னாராம். நாலாம் நாள் பெயர் கூப்பிட்டு மூன்று பேரை வெளியே கொண்டுபோனார்கள். அத்தானுடைய பெயர், செபமாலைமுத்து, இரண்டாவது. மற்றவர்களைக் கொண்டுதான் பிறகு புதைக்கக் கிடங்கு வெட்டுவித்தார்கள். "காலிலை பிடிச்சுத் தூக்கினது நான்தான், தம்பி. ஐமிச்சப்பட ஒண்டுமில்லை. உம்மடை அக்காவுக்கு எழுதும்" என்றார். இடமும் நாளும் சொன்னார். டயறியில் குறித்து வைத்திருக்கிறேன்.

அன்று பின்னேரமே எழுத உட்கார்ந்தேன். அந்தக் கிழமைதான் உங்கள் கடிதம் வந்திருந்தது. விதவைக்குரிய கறுப்புச் சேலையைப் பற்றிச் சுவாமி கதைத்தார் என்றும், அவர் இல்லை என்று யாராவது நிச்சயமாகச் சொன்னால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடலில் இறங்குவேன் என்றும் எழுதியிருந்தீர்கள். நான் பயந்துவிட்டேன். ஆறு மாதம் போகட்டும் என்று நினைத்தேன். ஆறு மாதம் போன பிறகு, இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்களே என்று பயந்தேன். பிறகு பயம்கூட இல்லை. "செய்தி ஒன்றும் இல்லை" என்று எழுத என் கை பழகிவிட்டது. அதுதான் உண்மை.

நரசிம்மனைப் பற்றி எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் நீங்கள் என்னை நம்பாததும் பிழையில்லை.

அக்கா, என்னை ஏசுங்கள். ஆனால் பிள்ளையைக் கொண்டு அந்த வழியால் வராதீர்கள். ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி,
பெனடிக்ற்


கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
19.08.1993

பெனடிக்ற்,

கடிதம் கிடைத்தது. நாங்கள் போகவில்லை. ஏஜென்டிடம் சொல்லிவிட்டேன். நாளை மறுநாள் மன்னாருக்குத் திரும்புகிறோம். வளவு போனது போனதுதான். கன்னியர் மடத்துத் தையல் அறையில் இடம் தருவதாகச் சிஸ்டர் சொல்லியிருக்கிறார்.

கடலில் இறங்குவேன் என்று எழுதியது உண்மை. புருசனைக் காணாமல் ஐந்து மாதமாக அலைந்த ஒருத்தி எதைத்தான் எழுத மாட்டாள்? நீ உன் கடிதத்தை எழுதியிருக்க வேண்டும். ஒரு கிழமை அழுதிருப்பேன். ஒரு வருசம் அழுதிருப்பேன். பிறகு எழும்பியிருப்பேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபத்தில் அல்ல. நீயும் பூசைக்குப் போய் நன்மை வாங்குகிறவன், உனக்கு விளங்கும். இந்த மூன்று வருசமும் அவருக்காக நான் ஒப்புக்கொடுத்த பூசையெல்லாம் அவர் சுகமாக வீடு வரவேண்டும் என்ற பூசை. காணாமல் போனதைத் தேடித் தருகிற அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுதிரி. கார்த்திகையில் இறந்த ஆத்துமாக்களின் பெயர் எழுதிப் போடுகிற பெட்டி கோயிலுக்கு வரும். ஊரே எழுதிப் போட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அவருடைய பெயரைப் போட்டால் அவரைக் கொன்றுவிடுவேன் என்று பயந்தேன். குழிக்குள் கிடந்த மனிதருக்கு ஒரு நித்திய இளைப்பாற்றிச் செபம் சொல்ல உலகத்தில் ஆள் இருக்கவில்லை, பெனடிக்ற். உனக்குத் தெரிந்திருந்தது. நீயாவது சொன்னாயா?

இசபெல்லிடம் நானே சொன்னேன். அவள் அழவில்லை. "மாமாவுக்கு எவ்வளவு காலமாத் தெரியும்?" என்று கேட்டாள். தை மாதக் கணக்கைச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றாள். இனி உனக்கு எழுதமாட்டாளாம். நான் அவளை வற்புறுத்தப் போவதில்லை.

நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உன் கடிதத்தை இனி எப்படி வாசிப்பேன்? சுகம் என்று எழுதினால் சுகமா, வேலை என்று எழுதினால் வேலையா என்று ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிக்க என்னால் ஏலாது. ஆகையால் எழுதாதே.

அவருடைய திவசப் பூசைக்கு எனக்கு ஒரு திகதி வேண்டும். டயறியில் குறித்தாய் அல்லவா, அந்த நாளை மட்டும் மடத்து முகவரிக்கு அனுப்பு. வேறு ஒன்றும் வேண்டாம்.

மெற்றில்டா


பிளேஸ்டோ,
லண்டன்.
28.08.1993

1990 ஆகஸ்ட் 23, வியாழக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்குக் கிட்ட.

பெனடிக்ற்