சிவப்பை அமுக்கினால் பச்சை

வெள்ளிக்கிழமை இரவு.

அம்மன் சந்நிதியைச் சுற்றி நான் ஒழுங்காகப் பொருத்திய நிறம் மாறும் லைட்டை, கோவில் தலைவரின் மருமகன் என்னைக் கேட்காமல் கழற்றிக் கெடுத்தான். பழி என் மேல் விழுந்தது.

நேற்று ரிமோட்டில் சிவப்பை அமுக்கினேன், சிவப்பு எரிந்தது. இன்று பூசையில் அதே பொத்தானுக்கு மாரியம்மன் பச்சையாக நின்றாள். சனம் சிரித்தது.

"என்ன பெரியவரே, எலக்ஷன் வருதுன்னு அம்மனையும் பச்சைக் கட்சியில சேத்துட்டீங்களா?" என்றார் தலைவர். "வயசாயிருச்சு. இனிமே திருவிழா லைட்டுல கை வைக்காதீங்க."

பூசாரிதான் பிறகு சொன்னார்: "மத்தியானம் அந்தத் தம்பி லைட்டோட கன்ட்ரோல் பெட்டிய மாலைக்குப் பின்னால மறைக்கிறேன்னு வயரெல்லாம் கழட்டி மாட்டுச்சுங்க."

அவ்வளவுதான். சிவப்பு வயர் பச்சைக்குரிய துளையில் இருக்கிறது, பச்சை வயர் சிவப்புக்குரிய துளையில். ரிமோட்டிலும் பழுதில்லை, என் வயதிலும் பழுதில்லை.

நாளை மருமகன் மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறி, அந்த இரண்டு வயரையும் தன் கையாலேயே மாற்ற வேண்டும். ஏணியைப் பூசாரி பிடிக்கட்டும். தலைவர் இன்று சிரித்த அதே சனத்தின் முன் தன் பேச்சைத் திரும்பப் பெற வேண்டும். ரிமோட் என் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் பேச்சைத் திரும்பப் பெற்ற பிறகு சிவப்பை நான் அமுக்குவேன். அதுவரை அம்மன் பச்சையிலேயே இருக்கட்டும்.