மான்செஸ்டரில் ஆறு வாரம்

7.2.94
எம்.பி.ஏ. வகுப்பில் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஏப்ரலில் மான்செஸ்டர் கல்லூரி ஒன்றில் ஆறு வாரப் படிப்பு, செலவு அவர்களுடையது. என் பெயரும் இருக்கிறது! நேர்முகத்தில் தரையைப் பார்த்தேதான் பதில் சொன்னேன். எங்கள் ஊர் பேண்டேஜ் துணி ஏற்றுமதி பற்றி எழுதிக் கொடுத்ததைப் படித்திருப்பார்கள் போல.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவள் நான் ஒருத்தி. அம்மாவிடம் சொல்லிவிடலாம்; அத்தாவிடம் எப்படிச் சொல்ல?

8.2.94
சொல்லிவிட்டேன். மில்லிலிருந்து வந்தவர் சட்டையில் ஒட்டிய பஞ்சைத் தட்டினார். பிறகு, "அங்க குளிருமாம்ல? கம்பளி வாங்கணும்" என்றார்.

பாஸ்போர்ட்டுக்கு நாளைக்கே எழுதிப் போட வேண்டும்.

23.2.94
ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் மான்செஸ்டர் படம் ஒன்று கிடைத்தது. மழை, செங்கல் புகைபோக்கிகள். நம் ஊர் மில் மாதிரியேதான். ஆனால் அந்தத் தெருவில் யாருக்கும் என்னைத் தெரியாது. அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன்.

2.3.94
கல்லூரியிலிருந்து வந்தால், எதிர்வீட்டு வேலுத்தாய் அக்கா எங்கள் வாசலில். அம்மாவும் அப்போதுதான் மாமி வீட்டிலிருந்து வந்திருந்தாள்.

"ஏட்டி, மத்தியானம் ஒன்னத் தேடி போலீசு வந்தான். வீடு பூட்டிக் கிடந்துச்சு. அசீனா வீடு எதுன்னான். அப்படி ஒருத்தியும் இந்தத் தெருவுலயே இல்லன்னுட்டேன். வயசுப்பிள்ள வீட்டுக்குப் போலீச விட்ருவேனா?"

டீக்கடையிலும் அதையே சொன்னார்களாம். தெருவே கூடி என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

பாஸ்போர்ட் விசாரணை அது.

அம்மா கண்கலங்கி, ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சியை அக்காவிடம் கொடுத்தாள். "நல்லது செஞ்சீகக்கா" என்றேன் நானும். வேறென்ன சொல்ல? ஐயோ — எதுக்குக்கா சொன்னீக?

3.3.94
அத்தா ஸ்டேஷனுக்குப் போனார். அறிக்கை போய்விட்டதாம்: விலாசத்தில் ஆள் இல்லை.

5.4.94
பாஸ்போர்ட் வரவில்லை. எனக்குப் பதில் வகுப்பிலிருந்து சாத்தூர்ப் பையன் ஒருவன் போகிறான்.

12.4.94
இந்நேரம் விமானம் ஏறியிருப்பார்கள்.

9.5.94
மறு விசாரணை. அதே போலீஸ்காரர். அம்மா நாற்காலி எடுத்துப் போட்டாள். அன்று வந்தது பாஸ்போர்ட் விசாரணை என்று தெரிந்த நாளிலிருந்து என் முகம் பார்க்காத வேலுத்தாய் அக்கா, தெருவைத் தாண்டி ஓடி வந்தார். நான் வாய் திறக்கவே விடவில்லை.

"ஐயா, அன்னைக்கு வெவரம் தெரியாமச் சொல்லிட்டேன். இவதான்யா அசீனா. பொறந்ததுல இருந்து இதே வீடுதான். இங்கனயேதான் இருக்கா. எங்கயும் போயிர மாட்டாய்யா."

போலீஸ்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.